காக்கா 'தாத்தா' ஆகிறது: மகனுக்குப் பேச்சு தெளிவில்லை, தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள்

செந்தூல்_அம்மா | ஞாயிறு இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு நான்கு வயது ஏழு மாதம். வாய் ஓயாமல் பேசுவான். ஆனால் அவன் பேசுவது எனக்கும் அவன் அக்காவுக்கும்தான் புரியும். 'க' அவன் வாயில் வருவதே இல்லை, எல்லாம் 'த' ஆகிவிடுகிறது. காக்கா அவனுக்குத் தாத்தா. அக்கா 'அத்தா'. கதவு 'ததவு'. மலாயில் ஈக்கான் (மீன்) 'ஈத்தான்', ஆங்கிலத்தில் கார் 'தார்'. அப்புறம் ரொட்டி 'யொட்டி'.

போன வாரம் அலமாரி மேலே இருந்த பந்தைக் காட்டி என் மாமியாரிடம் "தொடு, தொடு" என்றான். அவரும் எட்டிப் பந்தைத் தொட்டுக் காட்டினார். மறுபடி "தொடு" என்றான், அவரும் மறுபடி தொட்டார். மூன்றாவது தடவை தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். நான் சமையலறையில் இருந்து ஓடி வந்த பிறகுதான் புரிந்தது, அவன் கேட்டது "கொடு".

தாடிக்கா (மழலையர் பள்ளி) ஆசிரியை, வீட்டில் மூன்று மொழி பேசுவதால்தான் பிள்ளை குழம்புகிறான், தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார். என் கணவருக்கும் அது சரி என்று படுகிறது. மாமியாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. நான் வேலைக்குப் போனால் மாலை வரை அவனைப் பார்த்துக்கொள்வது அவர்தான். தமிழை நிறுத்தினால் வீட்டில் அவனோடு யார் பேசுவது?

பக்கத்து வீட்டு அக்கா, நாக்குக்கு அடியில் இருக்கும் நரம்பை வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார். மாமியார் வசம்பு உரைத்துத் தடவலாம் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பிறை_அப்பா | ஞாயிறு இரவு 11.15

தங்கச்சி, முதலில் காது. வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் காதைப் பாருங்கள்.

என் மகளுக்கும் இதே வயதில்தான் கவனித்தோம். கூப்பிட்டால் திரும்புவாள், டிவி பார்ப்பாள், காது நன்றாகக் கேட்கிறது என்றே இருந்தோம். சோதித்தபோது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது வரும் என்றார் டாக்டர். வலி இருக்காதாம், காய்ச்சல் இருக்காதாம், தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பது மாதிரி கேட்குமாம். அவளுக்கு அது தானாகவே வடிந்துவிட்டது. அதற்குள் அரைகுறையாகக் கேட்டுப் பழகிய பேச்சுதான் அப்படியே தங்கிவிட்டது, பயிற்சிக்குப் போனோம்.

பிறந்தபோது செய்த காது சோதனையில் பாஸ் என்று சொன்னதை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அது அன்றைக்குச் சரி, இன்றைக்கு எப்படி என்று பார்க்க வேண்டும்.


பேச்சுப்பயிற்சி_கேஎல் | திங்கள் காலை 7.05

வணக்கம் அக்கா. நான் கோலாலம்பூரில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பிள்ளையை நேரில் பார்க்காமல் இன்ன கோளாறு என்று சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். காதைப் பற்றி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மொழி விஷயத்தை மட்டும் இன்றைக்கே பேசிவிட வேண்டும், ஏனென்றால் நீங்கள் இன்றைக்கே தமிழை நிறுத்திவிடக்கூடும்.

நிறுத்தாதீர்கள். காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. காக்கா என்றாலும் த, ஈக்கான் என்றாலும் த, கார் என்றாலும் த. மொழிகள் குழம்பியிருந்தால் மூன்றிலும் அதே எழுத்து, அதே பிழை எப்படி வரும்? மொழி மூன்றானாலும் வாய் ஒன்றுதான். பின்நாக்கில் பிறக்க வேண்டிய ஒலியை அவன் நுனிநாக்குக்குக் கொண்டுவந்து சொல்கிறான். தமிழை எடுத்துவிட்டால் 'க' வந்துவிடாது. ஆங்கிலத்தில் மட்டும் 'தார்' என்று சொல்லிக்கொண்டிருப்பான், பாட்டியோடு இருக்கிற பேச்சும் போய்விடும். இரண்டு மூன்று மொழி பேசுவதால் ஒலிக்கோளாறு உண்டாவதில்லை. ஒரே மொழி பேசும் வீடுகளிலிருந்தும் இதே 'த'வோடு பிள்ளைகள் வருகிறார்கள்.

நாக்கு வெட்டுவது பற்றி. நாக்குக் கட்டு, அதாவது நாக்கின் அடியில் இருக்கும் அந்த நரம்பு இறுக்கமாக இருந்தால், தடைபடுவது நாக்கின் நுனி. உங்கள் பையன் நுனிநாக்கால் 'த'வை நாள் முழுக்கச் சொல்கிறான். வராமல் இருப்பது நாக்கின் பின்பகுதி. பின்பகுதிக்காக நுனியில் ஏன் வெட்ட வேண்டும்? வசம்பு தடவினாலும் 'க' வராது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் இதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு வயது ஆகாத பிள்ளை நாக்கில் எந்தக் காரணத்துக்காகவும் தேன் தடவாதீர்கள், அதனால் ஆபத்தான நச்சு நோய் வரலாம்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'க'வை 'த' என்று சொல்வது இரண்டு, மூன்று வயதில் சகஜம். பெரும்பாலும் மூன்றரை வயதுக்குள் விட்டுப்போகும். நான்கு வயதில் வெளியாட்களுக்கும் பிள்ளையின் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். 2018-இல் 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் பெரும்பாலான மெய்யொலிகளைச் சொல்லிவிடுகிறார்கள் என்றுதான் அதிலும் வந்தது. ஆகவே 'க'வுக்கு இனிக் காத்திருக்க வேண்டாம். 'ர' இப்போதைக்கு இருக்கட்டும், அது பிந்தி வருகிற ஒலி.

இரண்டு விஷயம் மட்டும் கவனித்து எழுதுங்கள். ஒரே சொல்லை ஐந்து தடவை கேட்டால் ஐந்து தடவையும் ஒரே மாதிரி சொல்கிறானா, இல்லை ஒவ்வொரு முறையும் வேறு வேறா? கண்ணீர், தண்ணீர் என்று இரண்டு படம் வரைந்து வைத்து நீங்கள் ஒன்றைச் சொன்னால் சரியான படத்தைக் காட்டுகிறானா?


காஜாங்_ரவி | திங்கள் பகல் 1.20

அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. என் அண்ணன் மகனும் இப்படித்தான் பேசினான். ஐந்து வயதில் தானாகச் சரியாகிவிட்டது. பத்துமலையில் வேண்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் நமக்கு என்னவோ குறை என்று அது நினைத்துவிடும்.


கிள்ளான்_மல்லிகா | திங்கள் பகல் 2.02

ரவி அண்ணே, உங்கள் அண்ணன் மகனுக்குச் சரியானதில் சந்தோஷம். நானும் அப்படித்தான் காத்திருந்தேன். எனக்கு அது சரியாக அமையவில்லை.

என் மகன் ஒன்றாம் ஆண்டில் சொல்வதெழுதுதலில் 'கடை' என்பதற்கு 'தடை' என்று எழுதிக்கொண்டு வந்தான். அவன் வாயில் வருவது அதுதானே, காதுக்கும் அதுதான் கேட்கிறது, கையும் அதையே எழுதுகிறது. ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். பத்துச் சொல்லில் நாலு வட்டம். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பேச்சுக்கு மட்டும் ஓட வேண்டியிருந்த நான், அப்புறம் வாசிப்புக்கும் சேர்த்து இரண்டு இடத்துக்கு ஓடினேன்.

தனக்குக் குறை என்று பிள்ளை நினைப்பது ஆஸ்பத்திரியில் இல்லை. தீபாவளிக்கு வந்த சித்தப்பா பிள்ளைகள் "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு" என்று சிரித்தபோதுதான் என் பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வேண்டுதலும் இருக்கட்டும். நானும்தான் பால்குடம் எடுத்தேன். ஆனால் டாக்டர் அப்பாயின்மெண்ட்டையும் எடுங்கள்.


காஜாங்_ரவி | திங்கள் பகல் 2.30

எழுத்திலும் அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மன்னிக்கவும். சகோதரி, போய்ப் பாருங்கள்.


செந்தூல்_அம்மா | செவ்வாய் இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. படம் வரைந்து வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்கு ஒரு குவளை, கண்ணீருக்கு ஒரு முகம். நான் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லப் பத்துக்கு ஒன்பது சரியாகக் காட்டினான். ஆனால் அவன் சொல்லும்போது இரண்டும் "தண்ணீர்"தான். ஒரு தடவை நான் வேண்டுமென்றே கண்ணீரைக் காட்டி "இது தண்ணீர்" என்றேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "இல்ல, தண்ணீர்!" என்று அழும் முகத்தைக் குத்திக் காட்டினான். தான் சரியாகத்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறான் போல. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எத்தனை தடவை கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறான்.

என் கணவரும் இந்த இழையைப் படித்தார். "மொழி மூன்றானாலும் வாய் ஒன்று" என்பதை மட்டும் இரண்டு தடவை படித்தார். தமிழை நிறுத்தும் பேச்சு நின்றது.

எங்கே போவது என்று சொல்லுங்கள்.


பேச்சுப்பயிற்சி_கேஎல் | செவ்வாய் இரவு 10.20

அழாதீர்கள் அக்கா. வித்தியாசம் அவன் காதுக்குக் கேட்கிறது, பிழையும் ஒரே ஒழுங்கில் இருக்கிறது. இரண்டுமே நல்ல செய்தி. சொல்லுக்குச் சொல், தடவைக்குத் தடவை மாறிக்கொண்டே இருந்தால் அது வேறு வகையாக இருக்கலாம், அதற்கு வேறு பயிற்சி வேண்டும்.

எங்கே போவது என்றால், முதலில் உங்கள் பகுதி கிளினிக் கேசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அதை வைத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காது சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்தே நாள் கேளுங்கள். செலவு மிகக் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் இடைவெளியும் அதிகம். தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்மின் கோலாலம்பூர் வளாகத்திலும் கிளினிக் இருக்கிறது, ராஜா மூடா அப்துல் அஜிஸ் சாலையில். பேச்சுப் பயிற்சிக்கான படிப்பை நாட்டில் முதலில் தொடங்கியது அவர்கள்தான், 1995-இல். அங்கே மாணவர்கள் பயிற்சி கொடுப்பார்கள், மேற்பார்வைக்கு விரிவுரையாளர் இருப்பார். மாணவர்கள்தானே என்று ஒதுக்காதீர்கள், ஒரு பிள்ளைக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து தயார் செய்துகொண்டு வருவார்கள்.

தனியாரிடம் போனால் ஒன்று கேளுங்கள்: பதிவு எண் இருக்கிறதா? 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டப்படி பேச்சுப் பயிற்சியாளர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்பதில் தப்பே இல்லை.


சுபாங்_தேவி | செவ்வாய் இரவு 11.05

பதிவு எண்ணைக் கேட்கச் சொன்னதற்கு நன்றி. நான் கேட்காமல் போனவள்.

ஒரு தனியார் மையத்தில் முறைக்கு 180 ரிங்கிட் கொடுத்தோம், பதினான்கு முறை போனோம். பிள்ளை விசில் ஊதினாள், சோப்பு நுரை ஊதினாள், உறிஞ்சுகுழாயில் பஞ்சை இழுத்தாள், நாக்கை மேலே கீழே ஆட்டினாள். வாய்த் தசை பலம் பெற்றால் பேச்சு தானே வரும் என்றார்கள். நன்றாக ஊதக் கற்றுக்கொண்டாள். 'ச' வரவில்லை. வேறு இடத்துக்கு மாறிய முதல் நாளே அந்தப் பயிற்சியாளர் ஒரு சொல்லை எடுத்து நாற்பது தடவை சொல்ல வைத்தார்.


பேச்சுப்பயிற்சி_கேஎல் | புதன் காலை 6.50

தேவி அக்கா எழுதியது நிறைய வீடுகளில் நடக்கிறது. ஊதுவது, உறிஞ்சுவது, நாக்கை ஆட்டுவது எல்லாம் பேச்சொலியைக் கொண்டுவரும் என்பதற்கு ஆய்வில் ஆதரவு இல்லை. பேசித்தான் பேச்சு வரும். அரை மணி நேரத்தில் பிள்ளை எத்தனை தடவை அந்த ஒலியைச் சொன்னான் என்று எண்ணுங்கள். நூறை ஒட்டி வந்தால் நல்ல பயிற்சி. பத்து தடவை சொல்லிவிட்டு மீதி நேரம் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.


தமிழாசிரியை_பினாங்கு | புதன் மாலை 5.30

பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் 27 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்த இழையைப் படித்தபோது இலக்கணத்தில் எழுத்துகளின் பிறப்பு பற்றிப் பாடம் எடுத்தது நினைவுக்கு வந்தது. நாவின் அடி அண்ணத்தின் அடியைப் பொருந்தினால் க, ங. நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தினால் த, ந. இந்தப் பிள்ளை அடியை விட்டு நுனிக்கு வந்துவிடுகிறான். பரீட்சைக்காக மனப்பாடம் செய்ய வைத்த ஒன்று இப்படி ஒரு வீட்டுக்கு உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எனக்கு ஒரு கேள்வி. நம் பிள்ளைகள் பலருக்கு 'ழ' வராது, 'ள'தான். வாளைப்பளம் என்பார்கள். நான் வருடக் கணக்கில் திருத்தியிருக்கிறேன். அதுவும் கோளாறா?


பேச்சுப்பயிற்சி_கேஎல் | புதன் இரவு 8.15

இல்லை டீச்சர். வீட்டில் அம்மாவும் அப்பாவும் 'வாளைப்பளம்' என்றால் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். அது நம் ஊர் வழக்கு. வகுப்பில் நீங்கள் 'ழ' கற்பித்தது மொழிப்பாடம், நல்ல காரியம். ஆனால் அதற்காகப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஊரே பேசும் பேச்சைப் பேசுகிறானா, ஊரில் யாரும் பேசாத மாதிரி பேசுகிறானா என்றுதான் நாங்கள் பார்க்கிறோம்.


செந்தூல்_அம்மா | நான்கு மாதம் கழித்து, சனி காலை 11.10

திரும்பி வந்துவிட்டேன். காது நன்றாகக் கேட்கிறது, நீர் எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சிக்கும் நாள் கிடைத்து இரண்டு தடவை போய் வந்தோம். பயிற்சி கொடுப்பவர் ஒரு மலாய்ப் பெண், மிகவும் பொறுமை. அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் மலாயில்தான் பேசச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவரோ, "உங்கள் பிள்ளை வீட்டில் அதிகம் பேசுவது எந்த மொழி?" என்று கேட்டார். தமிழ் என்றேன். "அப்படியானால் வீட்டுப் பயிற்சி தமிழில்தான். 'க'வில் தொடங்கும் சொற்களை நீங்கள்தான் எனக்குக் கொண்டு வர வேண்டும்" என்றார். அடுத்த முறைக்குச் சொற்கள் வேண்டும். எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. உதவுங்கள்.


பேச்சுப்பயிற்சி_கேஎல் | சனி பகல் 12.40

நல்ல பயிற்சியாளர் கிடைத்திருக்கிறார் அக்கா. தமிழ் பேசும் பயிற்சியாளர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, எங்களில் எண்ணிக்கை அவ்வளவு குறைவு. ஆகவே அந்த வேலையில் பாதி உங்களுடையது.

தமிழில் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுதுவது 'க' என்றாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. முகம், பகல் என்று சொல்லிப் பாருங்கள், நடுவில் வரும் 'க' மெலிந்து கிட்டத்தட்ட 'ஹ' ஆகிவிடுகிறது. தங்கம், மாங்காய் என்றால் வேறு ஒலி. அவனுக்கு இப்போது வேண்டியது அழுத்தமான 'க'. அது சொல்லின் முதலிலும் 'க்க' என்று இரட்டிக்கும் இடத்திலும்தான் கிடைக்கும். கண், காது, கால், கை, கல், கோழி, கப்பல். அப்புறம் அக்கா, பக்கம், மூக்கு, பாக்கு. முகம், நகம், பகல் இவற்றை இப்போது தொடவே வேண்டாம். கதவு, காத்து போன்ற சொற்களையும் தள்ளி வையுங்கள், உள்ளேயே ஒரு 'த' இருப்பதால் அது இழுத்துவிடும்.

தனி ஒலியே வரவில்லை என்றால் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, வாயைத் திறந்து "க்... க்..." என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். படுத்திருந்தால் நாக்கு தானாகப் பின்னுக்குச் சாயும். வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் வரும் சத்தத்தையும் நினைவுபடுத்தலாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து ஐந்து நிமிடம் போதும். அவன் சலித்துக்கொள்வதற்கு முன்னால் நிறுத்துங்கள்.

மற்ற நேரத்தில் திருத்த வேண்டாம். "தண்ணு வலிக்குது" என்றால் "அப்படிச் சொல்லாதே" என்று சொல்லாமல், "கண்ணு வலிக்குதா? எந்தக் கண்ணு? கண்ணைக் காட்டு" என்று நீங்கள் சரியாக நாலு தடவை சொல்லிவிடுங்கள். விருந்தாளி முன்னால் "சொல்லு பார்ப்போம்" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.


பிறை_அப்பா | சனி இரவு 9.00

கப்பல் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் மகளுக்கும் இந்தக் 'க' இருந்தது. தினமும் காலையில் பிறையில் இருந்து பினாங்குப் பாலம் வழியாகத் தீவுக்குப் போய், கெலுகோரில் அவள் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போவேன். பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேல் 8.4. அந்தக் கடல் பகுதிதான் எங்கள் வகுப்பறை. கடலில் கப்பலைப் பார்த்தால் "கப்பல்" என்று சொல்ல வேண்டும், அதுதான் ஒப்பந்தம். முதல் வாரம் எல்லாம் 'தப்பல்'. நான் திருத்தவில்லை, "ஆமா, பெரிய கப்பல்" என்பேன். ஒரு நாள் நல்ல மழை, கண்ணாடியில் எதுவுமே தெரியவில்லை. பின்னால் இருந்து, "அப்பா, இன்னிக்குக் கப்பல் இல்ல" என்றாள். காரை நிறுத்த முடியாத இடம் அது. கெலுகோர் போய்ச் சேரும் வரை எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது.


செந்தூல்_அம்மா | ஏழு வாரம் கழித்து, வெள்ளி இரவு 10.15

அண்ணே, உங்கள் பதிவை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து இரவுப் பயிற்சியை அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் பாயில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டு "க், க்" என்று சொல்வார்கள். பகலில் மாமியார். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் சொல்லுக்குப் பதில் பொருளாகவே ஒரு தட்டில் எடுத்து வைத்தோம்: கல், கரண்டி, கடலை. கடலைக்குத்தான் நல்ல பலன். ஒவ்வொரு தடவையும் "கடலை கொடு" என்று கேட்டால் ஒன்று கிடைக்கும்.

மூன்றாவது வாரம் தனி ஒலி வந்தது. ஐந்தாவது வாரம் அக்கா, அக்கா ஆனாள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கூட இறக்கவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேகமாகப் பேசும்போது இன்னும் பழைய 'த' வந்துவிடுகிறது.

இந்த வாரம் புதுசாக ஒன்று. என் அப்பா ரவாங்கிலிருந்து வந்திருந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் "காக்கா வந்துட்டாரு!" என்று கத்தினான். அப்பா சந்தோஷமாகத்தான் தூக்கிக்கொண்டார். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் சரியாக இருந்த 'த' கெட்டுவிட்டதா? பயிற்சியை நிறுத்த வேண்டுமா?


பேச்சுப்பயிற்சி_கேஎல் | வெள்ளி இரவு 10.50

நிறுத்தாதீர்கள் அக்கா. புதிதாக ஒரு ஒலி வந்தவுடன் பிள்ளைகள் அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பார்கள். 'த' கெடவில்லை, எந்தச் சொல்லுக்கு எது என்று இப்போதுதான் பிரித்துக்கொண்டிருக்கிறான். இனிமேல் 'க'வை மட்டும் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கண்ணீர், தண்ணீர் படம் இன்னும் இருக்கிறதா? இந்தத் தடவை அவன் சொல்லட்டும், நீங்கள் காட்டுங்கள். அவன் வாயில் என்ன வந்ததோ அந்தப் படத்தையே காட்டுங்கள், மனதில் நினைத்ததை ஊகித்துக் காட்டக் கூடாது. கட்டு, தட்டு. கோல், தோல். அப்புறம் பந்தை மறுபடி அலமாரி மேலே வையுங்கள். "தொடு" என்றால் மாமியார் தொடட்டும், "கொடு" என்றால் எடுத்துக் கொடுக்கட்டும்.

அடுத்த முறை போகும்போது இந்த 'காக்கா' விஷயத்தையும் பயிற்சியாளரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தமிழ் தெரியாதவருக்கு, தாத்தா என்றால் யார், காக்கா என்றால் எது என்று நீங்கள்தான் விளக்க வேண்டும்.


செந்தூல்_அம்மா | சனி மாலை 6.30

பந்தை வைத்தோம். முதல் தடவை "தொடு". மாமியார் தொட்டார். அவன் அவர் முகத்தையே பார்த்தான். கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி நின்றான், கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தான், பாயில் படுக்கும்போது செய்வது மாதிரி. "க்... கொடு" என்றான்.

மாமியார் பந்தைக் கொடுத்தார். இப்போது மறுபடி மேலே வைக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறான், பதினோராவது தடவை.